உபாத்தியாயருக்கு நன்றி

(ஆசிரியர் தினத்தையொட்டித் திண்டுக்கல்லில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் பேசவேண்டுமென்று என்னைக் கேட்டபொழுது நான் தயங்கினேன். பள்ளிக்கூடத்தைப்பற்றியும் உபாத்தியாயர்களைப்பற்றியும் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று எனக்கே தோன்றிற்று. நான் எட்டாவது வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பழைய பத்திரிகை, வாசகசாலைப் புஸ்தகம், மேடையில் காதால் கேட்டது இவ்வளவுதான். ஆனாலும் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள், "படித்தவர்கள் எல்லாம் வாத்தியாரைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள், நீ வந்து உள்ளதைச் சொல்லு" என்றார்கள். ஆகவே உள்ளதைச் சொல்ல வந்திருக்கிறேன். தப்பாகப் பட்டால் தள்ளிவிடுங்கள். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

தோழர்களே! செப்டம்பர் 5-ந் தேதியை ஆசிரியர் தினம் என்று 1962-ம் வருஷம் முதல் இந்த நாட்டில் கொண்டாடி வருகிறார்கள். அது டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களுடைய பிறந்த நாள். நல்ல காரியந்தான். வருஷமெல்லாம் தொண்டை வறளக் கத்துகிறவர்களுக்கு ஒரு நாளாவது ஒரு பூச்செண்டு கிடைக்கட்டும். ஆனால் இப்பொழுது சில பள்ளிக்கூடங்களில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வாத்தியார்களை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளைகளைக்கொண்டு அவர்கள் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவச் சொல்லி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, பூப் போட்டு, விழுந்து கும்பிடச் சொல்லுகிறார்கள். அதற்குப் பாதபூஜை என்று பெயராம்! நான் கேட்கிறேன், இன்றைக்கு வாத்தியார் காலைக் கழுவின பிள்ளை நாளைக்கு வகுப்பில் எழுந்து நின்று, "சார், பலகையில் நீங்கள் போட்ட கணக்குத் தப்பு" என்று சொல்லுமா? சொல்லாது. வாத்தியாரைச் சாமியாக்கிவிட்டால் பிறகு அவரிடம் கேள்வி கேட்பது தெய்வ நிந்தனையாகிவிடும். கேள்வி கேட்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? கோயிலுக்கே போகலாமே.

குருபக்தி என்றதும் நமக்கு எடுத்துக்காட்டுகிற கதை ஏகலைவன் கதை. அவன் வேடப் பையன். துரோணர் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று விரட்டிவிட்டார். அவன் தானாகக் காட்டில் பழகிக் கெட்டிக்காரன் ஆனான். அப்புறம் அதே துரோணர் வந்து கட்டைவிரலைத் தட்சணையாகக் கேட்டார், இவனும் வெட்டிக் கொடுத்தான். சொல்லிக்கொடுக்காத வாத்தியாருக்கே கட்டைவிரல் பீஸ் என்றால், சொல்லிக்கொடுத்திருந்தால் தலையையே கேட்டிருப்பார் போலிருக்கிறது! இதைப் பிள்ளைகளுக்கு நன்றியின் இலக்கணம் என்று பாடம் வைக்கிறார்கள்.

சரி, அந்தக் காலத்து வாத்தியார்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார்களா என்று பார்ப்போம். மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ம் வருஷம் ஒரு உத்தரவு போட்டு, ஜில்லா ஜில்லாவாகப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதி வைத்த கணக்குப்படி, 1 கோடியே 28 லட்சத்து 50 ஆயிரத்துச் சொச்சம் ஜனங்கள் இருந்த இராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்கள். படித்த பிள்ளைகள் 1,88,650. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நம் நாட்டில் கல்வி எப்படிச் செழித்திருந்தது" என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். அந்த 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? 4,540. நாற்பது பிள்ளைக்கு ஒரு பெண்கூடத் தேறவில்லை. மீதி இருந்தவர்களும் மணலில் விரல் தேய எழுதி, ஓலையில் கீறி, தப்புச் செய்தால் கோதண்டத்தில் தொங்கினவர்கள். கோதண்டம் என்றால் தெரியாத இளைஞர்களுக்குச் சொல்லுகிறேன்: உத்தரத்தில் கயிறு கட்டி, பையனை அதைப் பிடித்துத் தொங்கச் சொல்லி, கீழே இருந்து பிரம்பால் அடிப்பது. இதற்கு இராமருடைய வில்லின் பெயர்!

அப்புறம் வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் வந்தது. அதிலே எல்லாருக்கும் இடம் கிடைத்ததா என்றால், இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1939-ல் எழுதிய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தைப் படித்துப் பாருங்கள். 1930-ல் டாக்டர் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போனாரே, அவர்தான். அவர் கோயம்புத்தூரில் படித்தபோது சுமார் 400 பிள்ளைகளில் பத்துப்பேர் தவிர மற்றவரெல்லாம் பார்ப்பனப் பிள்ளைகள். தம் ஜாதி தெரிந்துவிடுமே என்று பயந்து, பள்ளிக்கூடத்துக்கு வெளியிலேயே நின்று படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவாராம். யாரோடும் விளையாடமாட்டாராம். ஒரு சிறு பையன் வருஷக்கணக்காக இப்படி நின்றிருக்கிறான். அத்தனை உபாத்தியாயர்களில் ஒருவராவது வெளியே வந்து, "ஏண்டா தம்பி இங்கே நிற்கிறாய்?" என்று கேட்டதாக நான் அதில் படிக்கவில்லை. அந்தப் பையன் யார் காலைக் கழுவுவது?

பெரியார் அவர்களும் தம் பள்ளிக்கூடக் காலத்தைப்பற்றிச் சொல்லியிருக்கிறார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தாகமெடுத்தால் வாத்தியார் வீட்டில்தான் தண்ணீர் குடிக்கலாம் என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்களாம். அந்த வாத்தியார் பார்ப்பனர்கூட அல்ல, ஓதுவார். அந்த வீட்டிலும் டம்ளரைத் தரையில் வைத்து, தூக்கிக் குடிக்கச் சொல்லி, குடித்தபின் தண்ணீர் தெளித்துத்தான் எடுத்துப் போவார்களாம். இந்தத் தண்ணீர் சங்கதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

இவ்வளவும் சொல்லுவதால் நான் உபாத்தியாயர்களுக்கு விரோதி என்று நினைத்துவிடவேண்டாம். யாருக்கு நன்றி, எதற்கு நன்றி என்பதுதான் என் பேச்சு. அதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் பக்கத்து இராமேஸ்வரத்திலேயே இருக்கிறது. அப்துல் கலாம் அவர்களைச் சொல்லுகிறேன். அவர் நம் கொள்கைக்காரர் அல்ல. கடவுள் நம்பிக்கையுள்ளவர், தொழுகையும் செய்வார், கீதையும் படிப்பார். ஆனால் தம் சிறு வயது உபாத்தியாயர்களை அவரைப்போல் வாழ்நாள் முழுவதும் பெயர் சொல்லி நினைத்தவர்கள் குறைவு. 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தபோதும் நினைத்தார், அதற்குப் பின்பும் நினைத்தார். 1999-ல் வெளிவந்த 'அக்னிச் சிறகுகள்' புஸ்தகத்தில் விவரமாக எழுதியிருக்கிறார்.

அவர் ஐந்தாவது வகுப்புப் படிக்கும்போது தலையில் தொப்பியோடு முதல் பெஞ்சியில் உட்காருவார். பக்கத்தில் இராமநாத சாஸ்திரி என்கிற பையன், பூணூல் போட்டவன், கோயில் அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரியின் மகன். இரண்டு பேரும் சிநேகிதர்கள். புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். முஸ்லிம் பையன் அர்ச்சகர் பையனோடு உட்காருவதா என்று, கலாமைக் கடைசிப் பெஞ்சிக்குப் போகச் சொன்னார். பிள்ளைகள் இருவரும் அழுதுகொண்டு வீட்டில் போய்ச் சொன்னார்கள். அர்ச்சகர் அந்த வாத்தியாரைக் கூப்பிட்டு, பிஞ்சு மனத்தில் விஷத்தை விதைக்கிறாயா, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் இந்தத் தீவை விட்டே போ என்று கண்டித்தார். வாத்தியாரும் திருந்தினார். தோழர்களே! அர்ச்சகரைப்பற்றி இந்த மேடையில் நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படவேண்டியது யாரென்றால், அர்ச்சகரிடம் பாடம் கேட்டுக்கொள்ளும்படி நடந்துகொண்ட அந்த உபாத்தியாயர்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சிவசுப்பிரமணிய ஐயர் என்று ஒருவர் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் படம் போட்டு விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். கலாம் எழுந்து, எனக்குப் புரியவில்லை என்றார். மற்றப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள். ஐயர் கோபித்துக்கொள்ளவில்லை, பிரம்பை எடுக்கவில்லை. சாயங்காலம் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், பறவைகள் இறக்கை அடிப்பதையும் வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் நேரில் காட்டினார். தாம் ஆகாய விமானப் படிப்புக்குப் போனது அந்தச் சாயங்காலத்தால்தான் என்று கலாம் பலமுறை சொன்னார். "புரியவில்லை" என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்ல முடிந்ததே, அதுதான் இதில் பெரிய சங்கதி. பாதபூஜை செய்த வகுப்பில் இது நடக்குமா?

அதே ஐயர் ஒருநாள் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி மிகுந்த ஆசாரம். மடிச் சமையலறையில் முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஐயர் மனைவியோடு சண்டை போடவில்லை. தாமே சோற்றைப் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது அடுத்த வாரமும் வா என்றார் ஐயர். பையன் தயங்க, ஒரு முறையை மாற்றுவது என்று இறங்கினால் இந்தக் கஷ்டமெல்லாம் வரத்தான் செய்யும் என்று தைரியம் சொன்னார். அடுத்த வாரம் போனபோது அந்த அம்மாளே சமையலறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்த் தம் கையால் பரிமாறினார்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் ஐயரைத்தான் பாராட்டுகிறார்கள். நான் அந்த அம்மாளையும் சேர்த்துப் பாராட்டுகிறேன். ஐயருக்கு வெளியுலகம் தெரியும், படிப்பு இருந்தது. அடுப்பங்கரையைத் தவிர வேறு அதிகாரம் இல்லாத ஒரு பெண்பிள்ளை, பிறந்தது முதல் ஊட்டின பயத்தை ஒரு வாரத்தில் விட்டிருக்கிறார். நம்மில் பலர் முப்பது வருஷம் மேடை ஏறியும் வீட்டுச் சமையலறைக்குள் போகவில்லை!

ஆனால் அவர் புஸ்தகத்தில் உள்ளதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று சொல்லமாட்டேன். இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார், தெரியாமல் தம் வகுப்புக்குள் வந்துவிட்ட கலாமைக் கழுத்தைப் பிடித்து எல்லார் முன்பும் பிரம்பால் அடித்தாராம். பிறகு கலாம் கணக்கில் முழு மார்க்கு வாங்கியதும், நான் அடித்தவன் பெரிய ஆளாவான் என்று கூட்டத்தில் பெருமையாகச் சொன்னாராம். அடிபட்டவர்களில் ஒருவன் முழு மார்க்கு வாங்கினான். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது? பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகிறது. சட்டம் வந்த பிறகும், "நாலு போட்டால்தான் சார் படிப்பான்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருகிற தகப்பன்மார் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

இன்னொரு சங்கதி, நம் ஊருக்குச் சம்பந்தப்பட்டது. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் கலாமுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்த சின்னதுரை பாதிரியார் முதுமைக் காலத்தில் நம் திண்டுக்கல்லில்தான் தங்கியிருந்தார். குடியரசுத் தலைவராக இருந்து ஓய்ந்த மனிதர், தேடி வந்து அந்தக் கிழவரைப் பார்த்துவிட்டுப் போனார். வந்து பார்த்தார், பேசினார், அவ்வளவுதான். நன்றி என்றால் எனக்குத் தெரிந்து அதுதான். 2015-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி ஷில்லாங்கில் மாணவர்களுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரும் போய்விட்டார்.

உபாத்தியாயர் தைரியம் பழைய காலத்தோடு போய்விட்டது என்றும் சொல்லக்கூடாது. 2024-ல் சென்னை அசோக் நகரில் ஒரு அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கூடத்தில், வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கி, குருடும் நொண்டியும் பிறப்பது முன்ஜென்ம பாவத்தால் என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்தார். அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயர் சங்கர் கண் பார்வை இல்லாதவர். அவர் எழுந்து, பள்ளிக்கூடத்தில் இதை எப்படிப் பேசலாம் என்று கேட்டார். அந்தப் பிள்ளைகள் அன்றைக்குப் படித்த பாடம் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

இனி என் சொந்தச் சங்கதி. தண்ணீர் சங்கதி.

எங்கள் ஊர் வேடசந்தூர்ப் பக்கம் மானாவாரிப் பூமி. மழை பெய்தால் சோளமும் கடலையும், பெய்யாவிட்டால் புழுதி. ஓட்டுக் கட்டிடத்தில் இரண்டு அறையுள்ள பள்ளிக்கூடம். வெளியே வேப்ப மரத்தடியில் ஒரு மண்பானை, அதன்மேல் ஒரு அலுமினிய டம்ளர். காலனிப் பிள்ளைகள் ஆறேழு பேர் படித்தார்கள். அவர்கள் டம்ளரைத் தொடக்கூடாது. தாகமெடுத்தால் பானைக்கு இரண்டு முழம் தள்ளிக் குந்தி, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தவேண்டும். ஊர்த்தெருப் பையன் ஒருவன் டம்ளரில் மொண்டு, உயரத் தூக்கி ஊற்றவேண்டும். தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று 1950-ல் அரசியல் சட்டம் எழுதி 38 வருஷம் ஆன பின்பு நடந்தது இது. தலைமை உபாத்தியாயர் தினம் பார்ப்பார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார். மூன்றாவது வகுப்பில் அந்தத் தண்ணீர் ஊற்றுகிற வேலை யாருடையது தெரியுமா தோழர்களே? என்னுடையது.

அதை ஒரு பெரிய உத்தியோகம் மாதிரி நான் பார்த்து வந்தேன். பிடிக்காதவன் வந்தால் கொஞ்சமாக ஊற்றுவேன். பாதி முழங்கை வழியாக ஓடிப்போகும். ஒரு பையன் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான். அவனுக்கு மட்டும் வேண்டுமென்றே முகத்தில் படும்படி ஊற்றுவேன். அவன் ஒன்றும் சொல்லமாட்டான். சட்டையில் துடைத்துக்கொண்டு போவான்.

அந்த வருஷம் ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து, ரோட்டில் இறங்கி இரண்டு மைல் நடந்து வருவார். வந்து மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, நான் ஊற்றுவதைப் பார்த்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. கிட்டே வந்து என் கையிலிருந்து டம்ளரை வாங்கி அந்தப் பையனிடம் கொடுத்து, "நீயே மொண்டு குடி" என்றார். அவன் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு மொண்டு குடித்தான். அவன் குடித்த டம்ளரை வாங்கி, டீச்சர் தாமும் ஒரு டம்ளர் மொண்டு வாய் வைத்துக் குடித்தார். அடுத்து என்னிடம் நீட்டி, "இப்ப நீ குடி" என்றார்.

நான் குடித்தேன் என்று சொன்னால் நீங்கள் கை தட்டுவீர்கள். நான் குடிக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பெரியவர்கள் போய், "அம்மா, நீங்கள் ஊருக்குப் புதுசு, பழைய வழக்கத்தில் தலையிடாதீர்கள், இல்லையென்றால் மாற்றல் வாங்கிக் கொடுத்துவிடுவோம்" என்றார்கள். அவர் வாதம் பண்ணவில்லையாம். ஆறேழு காலனிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினம் பாடம் நடத்தினார். பானை அங்கேயே இருந்தது, டம்ளரும் அங்கேயே இருந்தது. பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராவது நாள் என் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னாள். அவளுக்கு ஞானோதயம் உண்டாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வருஷம் மழை இல்லை. மத்தியானச் சோறு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. ஜாதி பத்து நாள் பட்டினி கிடந்து பார்த்தது; பதினோராவது நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது!

அந்தச் சோற்றுக்கும் நாம் நன்றி சொல்லவேண்டும். 1920-ல் தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது, 1956-ல் காமராஜர் மத்தியானச் சோற்றை மாகாணமெங்கும் கொண்டுவந்தார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கி விரித்தார், 2022-ல் காலைப் பலகாரமும் வந்தது. டீச்சர் பானையை வைத்தார், சர்க்கார் சோற்றை வைத்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் என் அப்பா ஜெயித்திருப்பார்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப்போன அன்று எனக்குத் தாகமெடுத்தது. சுற்றிலும் பார்த்தேன். அதே டம்ளர்தான். குடித்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த டீச்சர் இரண்டு வருஷம் இருந்தார். கூட்டெழுத்தில்லாமல் படிக்கவும், படித்ததைத் தலைகீழாகக் கேட்டால் பதில் சொல்லவும் பழக்கினார். நான் எட்டாவதோடு நின்றும் இன்றைக்கு நாலு பேர் முன்னால் நிற்கிறேன் என்றால் அந்த இரண்டு வருஷந்தான் காரணம்.

சென்ற வருஷம் அவரைத் தேடிப்போனேன். ஓய்வு பெற்று, இதே திண்டுக்கல்லில் ஒரு சந்தில் குடியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, என்னை அடையாளம் தெரியவில்லை. நான் பானைக் கதையை எல்லாம் சொல்லி, பெரிய புரட்சி செய்தீர்கள் டீச்சர் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "புரட்சியெல்லாம் தெரியாது தம்பி. அன்னைக்கு ரெண்டு மைல் வெயிலில் நடந்து வந்தேன். தாகமா இருந்துச்சு, குடிச்சேன். அதுக்கப்புறம் பத்து நாள்தான் ராத்திரி தூக்கமில்லை. மாத்தல் வந்திடுமோன்னு பயம். வீட்டில் என் சம்பளம் ஒன்னுதான்" என்றார். பிறகு, "தண்ணி ஊத்துற பையன் நீயா? அப்ப கை ஏந்தினானே, கணக்கு நல்லாப் போடுவானே, அவன் இப்ப என்ன பண்றான்?" என்று கேட்டார்.

தோழர்களே! எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் ஊராகப் போய் ஜாதி ஒழிப்புப் பேசுகிறேன். டீச்சருக்கு நன்றி சொல்லத் தேடிப்போனேன். யார் முகத்தில் தண்ணீரை ஊற்றினேனோ, அவனை முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது விசாரித்தேனா? இல்லை. டீச்சர் வீட்டுப் படியில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அப்புறம் விசாரித்தேன். ஒட்டன்சத்திரத்தில் கொத்தனார் வேலை செய்வதாகச் சொன்னார்கள். போனேன். சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்து கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "மூஞ்சியில ஊத்துவியே, நீதானே?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்லுவது? அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "டீச்சர் நல்லாருக்காங்களா?" என்று கேட்டார். போன மாதம் இரண்டு பேருமாகப் போய் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்தோம். வழியில் அவர் என்னிடம் சொன்ன சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை நான் சொல்லுவது முறையல்ல.

டீச்சர் இன்றையக் கூட்டத்துக்கு வரவில்லை. வந்தால் மாலை போடுவீர்கள் என்று பயம். தோழர் கொத்தனார் வந்திருக்கிறார். அதோ முன்வரிசையில் இருக்கிறார். மேடைப் பழக்கமில்லை என்கிறார். எனக்கும் ஒரு காலத்தில் இல்லை. அந்தப் பானையைப்பற்றியும் டீச்சரைப்பற்றியும் என்னைவிட அவருக்குத்தான் தெரியும். தலைவர் அவர்கள் அனுமதித்தால் அடுத்தபடியாக அவர் பேசுவார். நான் உட்காருகிறேன்.